பாரிசுக்கு ஒரு நேரசூசி

எங்கள் பாடசாலையில் நேரசூசி போடுகிற வேலை பதினைந்து வருடமாக என்னிடம்தான் இருக்கிறது. எந்த ஆசிரியருக்கு எந்த வகுப்பு, எந்தப் பாடவேளை, எந்த அறை என்று பெரிய தாளில் கட்டம் கட்டமாக வரைந்து, நாலு நிற மையால் நிரப்பி, அதிபரின் அறைச் சுவரில் ஒட்டுவேன். அடுத்த நாளே ஒரு ஆசிரியர் லீவு போட, முழுவதும் சரிந்துவிடும். ஆனாலும் ஒட்டிய அன்றைக்கு அது பார்க்க வடிவாக இருக்கும். அந்த வடிவுதான் என்னைக் கெடுத்தது.

நான் புவியியல் வாத்தியார். குருக்கள்மடத்திலிருந்து பஸ் பிடித்துப் புளியந்தீவுக்குப் போய்ப் படிப்பித்துவிட்டு வருகிற ஆள். ஐரோப்பாவின் வரைபடத்தைப் பார்க்காமலே கரும்பலகையில் கீறுவேன். நோர்வேயின் கிழிந்த கரையைக்கூட விடமாட்டேன். ஆனால் இலங்கையின் கரையைத் தாண்டி ஒரு அடி வைத்தவனில்லை. ஒருமுறை இந்தியாவுக்குப் போவதென்று பாஸ்போட் எடுத்தேன். அது காலாவதியாகும்வரை அலுமாரிக்குள் பத்திரமாகக் கிடந்தது.

போன வருடம் தை மாதம் மனைவியின் தங்கை, என் மச்சாள், தொலைபேசியில் கூப்பிட்டாள். சண்டைக் காலத்தில் பிரான்சுக்குப் போனவள், பாரிஸ் நகரத்துக்கு வெளியே ஒரு மாடி வீட்டில் இருபத்தாறு வருடமாக இருக்கிறாள். ஓகஸ்ட் விடுமுறைக்கு இரண்டு பேரும் வாருங்கள், ஊரைச் சுற்றிக் காட்டுகிறேன் என்றாள். எத்தனையோ வருடமாகச் சொல்லி வந்ததுதான். இந்த முறை, தனக்கும் வயது போகிறது, இனிமேல் எப்போது என்று கேட்டாள். மனைவி என்னைப் பார்த்தாள். நான் சரி என்று தலையாட்டினேன். தலையாட்டி முடிவதற்குள் மனதில் கட்டம் போடத் தொடங்கிவிட்டேன்.

அன்று பின்னேரமே ஒரு தடித்த சீ.ஆர். கொப்பி வாங்கி வந்தேன். முதல் பக்கத்தில் 'பாரிஸ்' என்று எழுதி இரண்டு கோடு போட்டேன். பன்னிரண்டு நாள். ஒரு நாளைக்கு ஏழு பாடவேளை. ஒரு பாடவேளை நாற்பது நிமிடம். பத்தரைக்கு இடைவேளை. மனிதர் ஊர் பார்க்கப் போவதற்கு இப்படியா எழுதுவார்கள் என்று எனக்குத் தோன்றவேயில்லை. வேறு எப்படி எழுதுவது என்றும் தெரியவில்லை. 'முதலாம் நாள், இரண்டாம் பாடவேளை: வெற்றி வளைவு. மூன்றாம் பாடவேளை: அங்கிருந்து கிழக்காகச் செல்லும் பெருவீதி. நாலாம், ஐந்தாம் (இரட்டை): ஈபிள் கோபுரம், இரண்டாம் தளம்வரை படியால்.' ஓரத்தில் சிவப்பு மையால் கழிப்பறை எங்கே இருக்கிறது என்று குறித்தேன். கோபுரத்தின் படிகள் எத்தனை என்று தேடிப் பார்த்து அதையும் எழுதினேன்.

மனைவியைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவள் குடும்பநல மாதுவாக வேலை செய்து ஓய்வு பெற்றவள். கர்ப்பிணிகளை வீடு வீடாகப் போய்ப் பார்ப்பது, பிறந்த பிள்ளையை நிறுப்பது, தாய்க்குப் பால் வருகிறதா என்று கேட்பது, தடுப்பூசித் திகதியை நினைவூட்டுவது, இதெல்லாம் அவளுடைய வேலை. வாவிக்கும் கடலுக்கும் இடையில் உள்ள ஒழுங்கைகளில் எல்லாம் ஸ்கூட்டியில் திரிந்தவள். இவ்வளவு திரிந்தும் அவளுக்கு வரைபடம் பார்க்கத் தெரியாது. வடக்கு எந்தப் பக்கம் என்று கேட்டால், "கடல் எந்தப் பக்கம்?" என்று திருப்பிக் கேட்பாள். ஒரு வீட்டைக் கண்டுபிடிக்க வேண்டுமென்றால் வழியில் நிற்கிற முதல் ஆளிடம் விசாரிப்பாள். அந்த ஆள் பிழையாகச் சொன்னால் அடுத்த ஆளிடம் விசாரிப்பாள். இதை நான் ஒரு முறையாகவே மதித்ததில்லை.

அவளையும் தயார்ப்படுத்துவது என் கடமை என்று எடுத்துக்கொண்டேன். நிலக்கீழ் ரயிலின் முதலாம் பாதையில் வருகிற நிலையங்களை எழுதிக் குசினிச் சுவரில் ஒட்டினேன். இரண்டு நாள் கழித்து, வரிசையாகச் சொல்லு பார்ப்போம் என்றேன். அவள் பருப்பைக் கழுவிக்கொண்டு நின்றாள்.

"ஏறுற இடமும் இறங்குற இடமும் தெரிஞ்சாப் போதும்தானே. நடுவில கிடக்கிறதெல்லாம் தன்ட பாட்டில வந்திட்டுப் போகும்."

நான் அந்தப் பதிலுக்கு மதிப்பெண் கொடுக்காமல் விட்டேன்.

பிரெஞ்சும் படித்தேன். தொலைபேசியில் ஒரு பெண் குரல் சொல்லச் சொல்ல, நான் பஸ்ஸில் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு உதடு அசைத்தேன். ஆரையம்பதி தாண்டும்போது எனக்குப் பக்கத்தில் இருந்த ஒருவர், செபம் சொல்கிறேன் என்று நினைத்து மரியாதையாகக் கொஞ்சம் தள்ளி இருந்தார். மூன்று மாதம் கழித்து, மச்சாளோடு பேசும்போது ஒரு முழு வாக்கியத்தை எடுத்துவிட்டேன். அவள், "அத்தான், லைன் கிளியர் இல்ல, திரும்பச் சொல்லுங்க" என்றாள். திரும்பச் சொன்னேன். மூன்றாம் தரம் சொன்னபோதுதான், "ஓ, பிரெஞ்சா?" என்று கேட்டாள்.

குளிர் உடுப்பு வாங்கக் காத்தான்குடிக்குப் போனேன். அங்கே எனக்குத் தெரிந்த கடை ஒன்று இருக்கிறது. கடைக்காரர் பதினெட்டு வருடம் அரபு நாட்டில் வேலை செய்து வந்தவர், அவருடைய மகன் ஜெர்மனியில். தடித்த ஜக்கெட் ஒன்று காட்டுங்கள் என்றேன். எந்த மாதம் போகிறீர்கள் சேர் என்று கேட்டார். ஓகஸ்ட் என்றேன். அவர் எடுத்த ஜக்கெட்டைத் திரும்ப மடித்தார்.

"ஓகஸ்ட்ல அங்கயும் வெயில் தானே சேர். என்ட மகன் போன வருசம் வெக்கையில நித்திரை இல்லாமக் கிடந்தான்."

நான் அவருக்கு அகலக்கோடு பற்றி விளக்கம் கொடுத்தேன். பாரிஸ் நாற்பத்தெட்டுப் பாகை வடக்கில் இருக்கிறது, நாங்கள் ஏழு பாகையில் இருக்கிறோம், சூரியக் கதிர் சாய்ந்து விழும் என்று கையால் சாய்த்துக் காட்டினேன். கடைக்குள் துணி பார்த்துக்கொண்டிருந்த இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள். கடைக்காரர் நல்ல மனிதர். முழுவதையும் கேட்டுவிட்டு ஜக்கெட்டைப் பையில் போட்டுத் தந்தார்.

சித்திரை விடுமுறையில் நடைப் பயிற்சி தொடங்கினோம். வெற்றி வளைவிலிருந்து லூவர் அருங்காட்சியகம்வரை நடக்க வேண்டும் என்று கொப்பியில் இருந்தது. அந்தத் தூரத்தைக் கணக்குப் பார்த்தால், ஏறத்தாழ எங்கள் வீட்டிலிருந்து செட்டிபாளையம் தாண்டித் தேற்றாத்தீவுச் சந்திக்குப் போகிற தூரம். விடியற்காலையில் புதுச் சப்பாத்துப் போட்டுக்கொண்டு கல்முனை வீதியில் இறங்கினோம். முதல் கால் மணித்தியாலம் திட்டப்படி போனது. பிறகு ஒரு வீட்டு வாசலில், கடப்படியில் நின்ற பெண் மனைவியைக் கண்டுவிட்டாள்.

"மிஸ்ஸி, எங்க இந்த விடியக்காலையில?"

மனைவி நின்றாள். அந்தப் பெண்ணின் மூத்தவன் இப்போது எந்த வகுப்பு, இளையவளுக்கு இழுப்பு சுகமா என்று விசாரித்தாள். நான் மணிக்கூட்டைப் பார்த்தேன். அடுத்த கடப்படியில் இன்னொருத்தி. அதற்கடுத்ததில் ஒரு கிழவர், தன் மகள் மாசமாக இருக்கிறாள், கால் வீங்கிக் கிடக்கிறது, ஒருக்கா உள்ளே வந்து பாருங்கள் என்றார். மனைவி உள்ளே போனாள். நான் வீதியில் நின்று, கொப்பியின்படி இப்போது நாம் லூவருக்கு முன்னால் உள்ள அரசருடைய பூங்காவில் இருக்க வேண்டும் என்று யோசித்தேன். பொறுமையில்லாமல் தனியாக நடந்து தேற்றாத்தீவுச் சந்தியைத் தொட்டேன். அங்கே ஒரு தேத்தண்ணிக் கடையில் குதிக்காலைச் சப்பாத்திலிருந்து வெளியே எடுத்துப் பார்த்தபோது தோல் உரிந்திருந்தது. மனைவி வந்து சேர ஒன்றரை மணித்தியாலம் ஆனது. அவள் கையில் ஒரு வீட்டார் கொடுத்த முருங்கைக்காய்க் கட்டு. அந்த மகளைக் கையோடு ஆசுபத்திரிக்கு அனுப்பிவிட்டு வந்திருந்தாள், இரத்த அழுத்தம் கூடியிருந்ததாம். எனக்கு வெட்கமாக இருந்தது. ஆனாலும் பஸ்ஸில் திரும்பி வரும்போது, இப்படிப் போனால் லூவர் பூட்டிவிடுவார்கள் என்று சொல்லாமல் இருக்க முடியவில்லை.

வைகாசியில் புதுப் பாஸ்போட்டுகளோடு விசாவுக்கு விண்ணப்பிக்கக் கொழும்புக்குப் போனோம். மச்சாள் முன்கூட்டியே சொல்லியிருந்தாள்: பயணத் திட்டம் என்று ஒரு பக்கம் கேட்பார்கள், ஒரு பக்கம் போதும், நானே எழுதி அனுப்புகிறேன் என்று. மனைவி அந்த ஒரு பக்கத்தைத் தன் விண்ணப்பத்தோடு வைத்துக்கொண்டாள். எனக்கு அது அவமானமாக இருந்தது. நாலு மாத உழைப்பைப் பெட்டிக்குள் வைத்துவிட்டு, யாரோ எழுதிய பதினைந்து வரியையா கொடுப்பது? சீ.ஆர். கொப்பி முழுவதையும் நிறத்தோடு பிரதி எடுத்து, சுருள் கம்பி போட்டுக் கட்டி எடுத்துக்கொண்டு போனேன். வரவேற்பில் இருந்த பிள்ளை புரட்டிப் பார்த்தாள். இவ்வளவும் தேவையில்லை சேர், ஒரு பக்கம் போதும் என்று இரண்டு தரம் சொன்னாள். இருக்கட்டும், அவர்களுக்கும் உதவும் என்றேன். யாருக்கு, எதற்கு உதவும் என்று நான் நினைத்தேனோ, இன்றுவரை எனக்கு விளங்கவில்லை.

மூன்று கிழமையில் பாஸ்போட்டுகள் வந்தன. மனைவியுடையதில் விசா ஒட்டியிருந்தது. என்னுடையதில் ஒரு கடிதம் செருகியிருந்தது. அதில் பெட்டி பெட்டியாகக் காரணங்கள் அச்சடித்திருக்க, ஒன்றுக்கு நேரே புள்ளடி போட்டிருந்தார்கள். நான் கொடுத்த தகவல்கள் நம்பகமானவையாக இல்லையாம்.

அந்தக் கடிதத்தை நான் ஏழெட்டுத் தரம் வாசித்தேன். நிற மையில் எழுதி, கழிப்பறைகளைக்கூடக் குறித்துக் கொடுத்த மனிதனின் தகவல் நம்பகமில்லையா என்று கோபம் வந்தது. இரண்டு நாள் கழித்து, கோபம் ஆறிய பிறகு, கொப்பியை எடுத்து முதலிலிருந்து ஒரு பரீட்சகரைப் போலப் பார்த்தேன். கடைசி எட்டுப் பக்கத்தில் விடயம் கிடந்தது. பன்னிரண்டு நாளுக்குள் எல்லா இடமும் அடங்காததால் பதின்மூன்றாம் நாளிலிருந்து பதினேழாம் நாள்வரை 'மேலதிக வகுப்பு' என்று தலைப்புப் போட்டு எழுதியிருந்தேன். அது வெறும் ஆசைக்கு எழுதியது. ஆனால் என் லீவுக் கடிதம் பன்னிரண்டு நாளுக்கு. காப்புறுதி பன்னிரண்டு நாளுக்கு. திரும்பும் விமானம் பன்னிரண்டாம் நாள். அதற்குப் பிறகும் ஐந்து நாள் பாரிசில் திரியப் போகிறேன் என்று என் கையாலேயே, பச்சை மையில், நேரத்தோடு எழுதிக் கொடுத்திருக்கிறேன். என்னை நம்பாமல் விட்டது சரிதான். நானாக இருந்தாலும் நம்பியிருக்கமாட்டேன்.

அதைவிடப் பெரிய தொல்லை ஊருக்கு என்ன சொல்வது என்பது. அதிபர் காலைக் கூட்டத்தில் எல்லா மாணவர்களுக்கும் முன்னால், எங்கள் புவியியல் ஆசிரியர் விடுமுறைக்குப் பாரிஸ் மாநகரம் போகிறார், வந்து அனுபவத்தைப் பகிர்ந்துகொள்வார் என்று அறிவித்திருந்தார். பிள்ளைகள் கைதட்டினார்கள். நான் தலையைக் குனிந்து ஏற்றுக்கொண்டேன்.

மனைவி, தனியாகப் போகமாட்டேன் என்றாள். நீங்கள் இல்லாமல் அங்கே என்ன பார்க்கக் கிடக்கிறது என்று சொன்னாள். அவள் அப்படிச் சொன்னது எனக்கு இதமாக இருந்தது, ஒரு நாள் முழுக்க அதை வைத்துக்கொண்டிருந்தேன். அதற்கடுத்த நாள் மனச்சாட்சி குத்தியது. இருபத்தாறு வருடத்தில் அக்காவும் தங்கையும் இரண்டு தரம்தான் கண்டிருக்கிறார்கள், அதுவும் ஒரு தரம் செத்தவீட்டுக்கு. போய்விட்டு வா என்றேன். அவள் யோசித்தாள். நான் இங்கிருந்தே வழி காட்டுகிறேன், கொப்பியைக் கொண்டு போ, நான் போனது மாதிரித்தான் என்றும் சொன்னேன். இதில் எவ்வளவு அன்பு, எவ்வளவு கொப்பியின் மேல் உள்ள பாசம் என்று என்னைக் கேட்கக் கூடாது.

ஆடிக் கடைசியில் அவளைக் கட்டுநாயக்கா விமான நிலையத்தில் விட்டுவிட்டு வந்தேன். அடுத்த நாள் முதல் வீட்டைவிட்டு வெளியே போவதைக் குறைத்துக்கொண்டேன். யாராவது கண்டால், "சேர் போகல்லயா?" என்று கேட்பார்கள். மனைவி முதலில் போகிறாள், நான் பின்னால் போவேன் என்று இரண்டு பேருக்குச் சொன்னேன். மூன்றாவது ஆள், "பின்னால எண்டா எப்ப சேர்?" என்று கேட்டார். அதன் பிறகு மீன்காரரின் சைக்கிள் மணி கேட்டால்கூட மனதுக்குள் பதில் தயார் செய்துகொண்டுதான் கடப்படிக்குப் போனேன்.

பாரிசுக்கும் எங்களுக்கும் கோடைகாலத்தில் மூன்றரை மணித்தியால வித்தியாசம். அங்கே காலை ஒன்பது மணி என்றால் இங்கே பன்னிரண்டரை. நான் பதினொரு மணிக்கே சமைத்துச் சாப்பிட்டுவிட்டு, மேசையில் கணினியைத் திறந்து வைத்து, பக்கத்தில் கொப்பியின் பிரதியை விரித்து, தொலைபேசியைச் சுவரில் சாத்தி வைத்துக்கொண்டு உட்காருவேன். விமான நிலையத்தில் கோபுரத்தில் இருந்து வழி காட்டுகிறவர்களைப் போல.

முதல் நாள் இரண்டாம் பாடவேளை தொடங்கியபோது அவள் இன்னும் தங்கை வீட்டில் தோசை சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். ஈபிள் கோபுரத்துக்கு அடியில் வந்து சேர்ந்தபோது கொப்பியின்படி அன்றைய பள்ளி விட்டு அரை மணித்தியாலம் ஆகியிருந்தது. நான் வீடியோவில், இப்போது இடது பக்கம் திரும்பினால் தெற்குத் தூண் வரும், அங்கேதான் படிக்கு வரிசை என்றேன்.

"இஞ்ச தங்கச்சி நிக்கிறா. அவவுக்கு வழி தெரியும்."

மச்சாள் தலையை உள்ளே நீட்டிச் சிரித்தாள். இரண்டு பேருக்கும் முகத்தில் வியர்வை வடிந்தது. நல்ல வெக்கை அத்தான், இரவு காற்றாடி இல்லாமல் படுக்க ஏலாது என்றாள். ஜக்கெட்டைப் பற்றி யாரும் பேசவில்லை. அது மச்சாளின் வீட்டுக் கதவுக்குப் பின்னால் தொங்கியது, காலையில் அவள் தோசை சாப்பிட்டபோது வீடியோவின் பின்னணியில் நான் கண்டேன்.

படியேறவில்லை. அடியில் நிழலில் ஒரு துணியை விரித்து, கொண்டு போன பணிஸை இரண்டு பேரும் சாப்பிட்டார்கள். சின்ன வயதில் யார் யாருடைய சட்டையைக் கிழித்தது என்று பேசிப் பேசிச் சிரித்தார்கள். கோபுரம் அவர்களுக்குப் பின்னால் பாதி தெரிந்தது. நான் இங்கே மேசையில் தனியாக இருந்து, இரட்டைப் பாடவேளை வீணாகிறது என்று எண்ணினேன்.

செவ்வாய்க்கிழமை லூவர். அதற்கு நான் ஆறு பக்கம் ஒதுக்கியிருந்தேன். எந்த வாசலால் உள்ளே போவது, எந்தப் படத்தை முதலில் பார்ப்பது, எந்த அறையில் உட்கார வாங்கு இருக்கிறது, எல்லாம் எழுதியிருந்தது. மற்ற நாள்களில் கூட்டம் தாங்காது, செவ்வாய்க்கிழமை குறைவாக இருக்கும் என்று நானே ஊகித்து, அந்த ஊகத்தின் கீழே கோடும் போட்டிருந்தேன். இங்கே பகல் ஒன்றரை மணிக்கு ஒரு படம் வந்தது. கண்ணாடிப் பிரமிட்டுக்கு முன்னால் மனைவி. பின்னால் வெறும் முற்றம். அடுத்ததாக அவளுடைய குரல் பதிவு.

"இஞ்ச பாருங்க, செவ்வாய்க்கிழமை பூட்டாம். ஒவ்வொரு செவ்வாய்க்கிழமையும் பூட்டுத்தானாம். தங்கச்சியும் மறந்து போனாவாம், அவ ஒருநாளும் உள்ளுக்குப் போகல்லயாம்."

கூட்டம் குறைவாக இருக்கும் என்று நான் எழுதியது மட்டும் சரியாக இருந்தது. அங்கே ஒரு குருவியும் இல்லை.

எத்தனை படி, எத்தனை கழிப்பறை என்று தேடியவன், எந்த நாள் திறக்கும் என்று தேடவில்லை. எனக்கு அன்று பின்னேரம் ஒன்றும் ஓடவில்லை. கணினியை மூடிவிட்டுக் கிணற்றடிக்குப் போய்ச் சும்மா இரண்டு வாளி தண்ணீர் அள்ளி வாழைக்கு ஊற்றினேன். பிறகு அவள் கூப்பிட்டாள். கோபம் இருக்கும் என்று நினைத்தேன், இல்லை. புதன்கிழமையிலிருந்து தங்கைக்கு வேலை, தான் தனியாகத்தான் திரியப் போவதாகச் சொன்னாள். நான் உடனே, அப்படியென்றால் கொப்பியைக் கையில் வைத்துக்கொள், ஒவ்வொரு திருப்பத்திலும் என்னைக் கூப்பிடு என்றேன்.

"கொப்பி வீட்ட இரிக்கட்டும். பாரம். நான் கேட்டுக் கேட்டுப் போறன். நீங்க எடுக்காதீங்க, நானே எடுக்கிறன்."

புதன்கிழமை நான் பட்ட பாடு சொல்லி முடியாது. அவளுக்குத் தெரிந்த பிரெஞ்சு, தங்கை சொல்லிக் கொடுத்த வணக்கமும் நன்றியும் மட்டும். ஒரு நகரத்தின் வரைபடத்தை நான் மனப்பாடமாக வைத்திருக்கிறேன், அந்த நகரத்துக்குள் என் மனைவி எங்கே நிற்கிறாள் என்று எனக்குத் தெரியாது. பன்னிரண்டரை, ஒரு மணி, ஒன்றரை. தொலைபேசியைத் தூக்கித் தூக்கி வைத்தேன். இரண்டே கால் தாண்டி அது அடித்தது. திரையில் அவளுடைய முகம் வரவில்லை. பச்சைத் தண்ணீரும், உயரமான கல் சுவரும், ஒரு படகும் தெரிந்தன.

நடந்ததை அவள் சுருக்கமாகச் சொன்னாள். நிலக்கீழ் ரயிலில் வந்து, எங்கட ஆட்களின் கடைகள் இருக்கிற லாச்சப்பலில் இறங்கியிருக்கிறாள். நான் கொப்பியில் அந்த இடத்துக்குப் போகக் கூடாது என்றே எழுதியிருந்தேன், இங்கிருந்து போய் அங்கே புடலங்காய் பார்ப்பதா என்று. அங்கே ஒரு கடையில் நின்ற பெண்ணிடம், பக்கத்தில் தண்ணீர் உள்ள இடம் ஏதும் இருக்கா, கொஞ்ச நேரம் இருக்க என்று கேட்டாளாம். அந்தப் பெண் ஒரு கால்வாயைச் சொல்லியிருக்கிறாள். வழியில் இன்னும் மூன்று பேரிடம் கையால் கேட்டு, கரையோரமாக நடந்து, மரநிழலில் ஒரு இடம் பிடித்து உட்கார்ந்துவிட்டாள். அங்கே படகு மேலே ஏறுகிறது, ஒரு மணித்தியாலமாகப் பார்க்கிறேன், உங்களுக்குக் காட்டத்தான் எடுத்தேன் என்றாள்.

நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். அது எனக்குத் தெரிந்த விடயம். கால்வாயில் உயரம் மாறுகிற இடத்தில் இரண்டு கதவு போட்டு ஒரு தொட்டி மாதிரிக் கட்டியிருப்பார்கள். படகு உள்ளே வந்ததும் பின்கதவைச் சாத்தி, தண்ணீர் மட்டத்தை உயர்த்தி, முன்கதவைத் திறந்துவிடுவார்கள். பனாமாக் கால்வாய்ப் பாடத்தில் வருவது. வருடா வருடம் நான் படம் கீறிப் படிப்பிப்பது. கடைசியில் அவளுக்கு நான் சொல்லிக் கொடுக்க ஒன்று கிடைத்தது என்று, முன்கதவு, பின்கதவு எல்லாம் விளக்கினேன். விளக்கி, இப்போது பெரிய பம்பி போட்டுத் தண்ணீரை உள்ளே ஏற்றுவார்கள், சத்தம் கேட்கும், கவனி என்றேன்.

அவள் தொலைபேசியைத் தண்ணீருக்கு நேரே பிடித்திருந்தாள்.

"பம்பி ஒண்டும் இல்லயே."

உள்ளுக்குள் இருக்கும், வெளியே தெரியாது என்றேன்.

"இல்லப்பா. நான் மூண்டு படகு பாத்திட்டன். மேல் பக்கத்துத் தண்ணிதான் உள்ளுக்கு வருது. அந்தக் கதவில அடியில ஓட்டை திறக்கிறாங்க. குளத்தில துருசுக் கதவு திறந்தா வயலுக்குத் தண்ணி வாறது மாதிரித்தான். தண்ணி தன்ட பாட்டில வருது, படகு தன்ட பாட்டில ஏறுது. அதுக்கென்னத்துக்குப் பம்பி?"

அவள் கமராவை மேலே திருப்பினாள். மேல்மட்டத்தில் கால்வாய் நிறைந்து நின்றது. கதவின் அடியிலிருந்து வெள்ளையாகத் தண்ணீர் கொப்பளித்து வந்தது. படகில் இருந்த ஒரு குடும்பம் மெதுவாக, சத்தமில்லாமல், கல் சுவருக்கு மேலே எழும்பி வந்தது. ஒரு பெண் கையசைத்தாள். மனைவியும் அசைத்திருப்பாள், திரை ஆடியது.

நான் திரைக்குக் கிட்டக் குனிந்து பார்த்தேன். உயர்ந்த இடத்தில் தண்ணீர் இருக்கும்போது அதை ஏன் பம்பியால் ஏற்ற வேண்டும்? ஒரு நாளும் இந்தக் கேள்வி எனக்கு வரவில்லை. எங்கள் பக்கத்தில் வாவிக்கரைத் தோட்டங்களுக்கு எல்லாம் பம்பி பூட்டி இறைப்பதைப் பார்த்துப் பழகிய கண், தண்ணீர் ஏற வேண்டுமென்றால் பம்பி வேண்டும் என்று முடிவு கட்டிவிட்டது. முப்பது வருடமாக அந்தத் தொட்டிக்குப் பக்கத்தில் ஒரு சதுரம் கீறி 'பம்பி' என்று எழுதியிருக்கிறேன். பிள்ளைகள் கீறியிருக்கிறார்கள். கீறாத பிள்ளைக்கு ஒரு புள்ளி குறைத்தும் இருக்கிறேன்.

அதை அப்போதே அவளிடம் சொன்னேன். அவள் சிரிப்பாள் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை.

"நானும் முதல் பிழையாத்தான் நினைச்சன். படகை ஏதோ கயிறு போட்டுத் தூக்கிறாங்களாக்கும் எண்டு. இருந்து பாத்தாத்தானே தெரியும்."

அன்று இரண்டு பேரும் இன்னும் இரண்டு படகு பார்த்தோம். நான் ஒரு இடத்துக்கும் அவளைத் திரும்பச் சொல்லவில்லை. எனக்குப் பாரிசில் கிடைத்த நல்ல அரை மணித்தியாலம் அதுதான்.

மிச்ச நாள்களில் அவள் கூப்பிட்டபோது எடுத்தேன். கூப்பிடாதபோது முற்றத்தைக் கூட்டினேன், பழைய விடைத்தாள்களைக் கட்டி வைத்தேன், ஒரு நாள் துணிந்து சந்திக்குப் போய் முடி வெட்டினேன். முடி வெட்டுகிறவர் கேட்டதும், விசா கிடைக்கவில்லை, பிழை என்னுடையது என்று உண்மையைச் சொன்னேன். அவர் தலையைக் குனியச் சொல்லிவிட்டுத் தன் வேலையைப் பார்த்தார். இவ்வளவு லேசான பதில் என்று தெரிந்திருந்தால் முதல் நாளே சொல்லியிருப்பேன். பன்னிரண்டு நாளும் முடிந்து மனைவி வந்து சேர்ந்தாள். லூவருக்கு அவள் திரும்பப் போகவேயில்லை. ஏன் என்று கேட்டதற்கு, அது நீங்கள் வரும்போது பார்க்கலாம் என்று விட்டுவிட்டேன் என்றாள். அடுத்த விண்ணப்பத்தை மச்சாளே நிரப்புவதாக இரண்டு பேரும் முடிவு செய்திருந்தார்கள். என் அபிப்பிராயம் கேட்கப்படவில்லை.

மூன்றாம் தவணை தொடங்கியது. நடந்ததை முழுவதும் ஆசிரியர் அறையில் சொன்னேன். அதிபர், அனுபவப் பகிர்வை ஒத்திவைப்போம் என்றார். பத்தாம் வகுப்பில் அந்தக் கிழமை வேறு பாடம், ஆனாலும் நான் கரும்பலகையில் கால்வாயையும் இரண்டு கதவையும் கீறினேன். பம்பியைக் கீறினேன். பிறகு அதை அழித்தேன். தண்ணீர் எப்படி வருகிறது என்று சொன்னேன், இவ்வளவு காலமும் நான் பிழையாகப் படிப்பித்தேன் என்றும் சொன்னேன். இரண்டாம் வரிசையில் ஒரு பிள்ளை கையை உயர்த்தினாள்.

"சேர், அப்ப எங்கட அக்காவுக்கு? அவ போன வருசம் உங்களிட்டத்தான் படிச்சவ."

நீயே அக்காவிடம் போய்ச் சொல்லு மகள், சேர் பிழையாகச் சொல்லிப் போட்டாராம் என்று சொல்லு என்றேன். அவள் சரி என்று தலையாட்டிவிட்டு, மறக்காமல் இருக்கக் கொப்பியின் ஓரத்தில் எழுதிக்கொண்டாள். அவளுக்குப் பக்கத்தில் இருந்தவளும் எழுதினாள். அவளுக்கும் ஒரு அக்கா இருந்திருக்க வேண்டும்.